குடலைக் கழுவும் முன் குடலைப் பார்க்க வேண்டும்

டெல்டா மாவட்டம் ஒன்றில் தையல் நிலையம் நடத்தும் 53 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

எட்டு ஆண்டுகளாக அவர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். மாதவிலக்கு நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கடந்த ஐந்து மாதங்களாக நான்கு நாள் மலச்சிக்கல், ஐந்தாம் நாள் கழிச்சல் என்று மாறி மாறி வருகிறது. அவ்வப்போது மலத்தோடு ரத்தமும் தென்பட்டது. பிரசவ காலத்தில் வந்த பழைய மூலம்தான் என்று இருந்துவிட்டார். களைப்பாக இருந்ததால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இந்த நேரத்தில் தோழி ஒருவர் சொல்ல, பக்கத்து நகரத்துக் குடல் சுத்திகரிப்பு மையம் ஒன்றில் 15,000 ரூபாய் கட்டிப் பத்து சிட்டிங்குகளுக்குப் பதிவு செய்தார். மூன்று நாள் ஒரு பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, முந்தைய இரவிலிருந்து பட்டினி கிடந்து சென்றால், ஆசனவாய் வழியாகக் குழாய் செருகி வெதுவெதுப்பான நீரைப் பல லிட்டர் செலுத்தி வெளியேற்றுகிறார்கள். கண்ணாடிக் குழாயில் கறுப்பாகக் கயிறு போல வழுக்கி வந்ததைக் காட்டி, “இது முப்பது வருஷத்து அழுக்கு, இன்னும் பதினைந்து கிலோ இருக்கிறது” என்றார்களாம். முதல் இரண்டு முறையும் உடம்பு லேசானது போல இருந்தது. எடை இரண்டு கிலோ குறைந்தது. மூன்றாம் முறை சென்று வந்த மாலையில் குளியலறையில் மயங்கி விழுந்தார். மையத்தைத் தொலைபேசியில் கேட்டபோது, “நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், அடுத்த முறை மாத்திரைகளை நிறுத்திவிட்டு வாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார்கள்.

மீதமுள்ள ஏழு சிட்டிங்குகளையும் முடித்துவிடலாமா, மாத்திரைகளை நிறுத்தலாமா, தை மாதம் திருமணமாகவிருக்கும் 25 வயது மகளுக்கும் முகப்பொலிவுக்காக ஒருமுறை செய்யலாமா, செய்யக் கூடாது என்றால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்பவை அவருடைய கேள்விகள். “எங்கள் அம்மா ஆண்டுக்கு இரண்டு முறை விளக்கெண்ணெய் கொடுத்துத்தானே எங்களை வளர்த்தார், அது தப்பா?” என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகள் அனைத்துக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், போகிற போக்கில், “என் அண்ணன் 49 வயதில் வயிற்றில் கட்டி வந்து இறந்தார்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். குடலைக் கழுவுவது பற்றிய ஆறு பக்கங்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வரிதான்.

அந்த ரத்தம் எங்கிருந்து வருகிறது?

ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மலம் கழிக்கும் பழக்கம் புதிதாக மாறி மாதக்கணக்கில் நீடிப்பது ஒன்று. மலத்தில் ரத்தம் இரண்டாவது. மாதவிலக்கு நின்றுவிட்ட ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வருவது மூன்றாவது. உடன்பிறந்தவருக்கு வயிற்றுக் கட்டி இருந்தது நான்காவது. இவற்றில் முதல் மூன்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே பெருங்குடலை உட்புறமாகப் பார்த்துவிட வேண்டும் என்பது குடல் மருத்துவர்களாகிய எங்கள் துறையின் நடைமுறை. உங்களிடம் நான்கும் இருக்கின்றன. மாதவிலக்கு உள்ள பெண்ணின் உடலில் இரும்புச்சத்து குறைந்தால் அதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. மாதவிலக்கு நின்ற பிறகு அந்தக் காரணம் இல்லை. எனவே இரும்பு மாத்திரையைத் தொடங்குவதோடு, ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்றும் தேட வேண்டும். பெரும்பாலும் தேட வேண்டிய இடம் இரைப்பையும் குடலும்தான்.

பழைய மூலம் என்று நீங்கள் எண்ணியதில் தவறில்லை. ரத்தம் மூலத்திலிருந்தே வரலாம். ஆனால் மூலம் இருப்பவருக்கு வேறு எதுவும் வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மூலத்தின் ரத்தம் பெரும்பாலும் மலம் கழித்து முடிக்கும்போது பளிச்சென்ற சிவப்பில் சொட்டும், அல்லது மலத்தின் மேற்புறத்தில் கோடாகத் தெரியும். நீங்கள் எழுதியிருப்பதோ “மலத்தோடு கலந்து, கொஞ்சம் கருஞ்சிவப்பாக” என்பது. இரும்பு மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு மலம் கறுப்பாவது இயல்பு. ஆனால் நீங்கள் கண்ட கருஞ்சிவப்பு, மாத்திரை தொடங்குவதற்கு முன்பே வந்திருக்கிறது.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இத்தகைய அறிகுறிகளோடு வருபவர்களில் பலருக்குப் பரிசோதனையில் மூலமோ சிறு புண்ணோ மட்டுமே இருப்பதைக் காண்கிறோம். சிலருக்குக் குடற்சுவரில் காளான் மொட்டு போன்ற பாலிப் இருக்கும். அது புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகள் வரை ஆகும் என்பதால், பார்த்த அன்றே கம்பி வளையத்தால் சுருக்கி அகற்றிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். வேறு ஏதாவது இருந்தாலும் ஐந்தாம் மாதத்தில் கண்டுபிடிப்பதற்கும் பதினைந்தாம் மாதத்தில் கண்டுபிடிப்பதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. அந்தப் பத்து சிட்டிங்குகளில் எனக்கிருக்கும் முதல் வருத்தம் இந்தக் காலவிரயம்தான். “ஏதோ சிகிச்சை நடக்கிறது” என்ற நிம்மதியில் நாட்கள் போய்விடுகின்றன.

உங்கள் அண்ணியிடம் பழைய மருத்துவக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். ‘வயிற்றில் கட்டி’ என்பது இரைப்பையா, கல்லீரலா, பெருங்குடலா என்பது அதில் இருக்கும். அது பெருங்குடல் புற்றாக இருந்திருந்தால், நோய் கண்ட வயதிலிருந்து பத்தைக் கழித்த வயதிலோ நாற்பது வயதிலோ, எது முந்துகிறதோ அப்போது, அண்ணனின் பிள்ளைகளும் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். இந்தச் செய்தி அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டியது.

கண்ணாடிக் குழாயில் வந்த கயிறு

நாள்தோறும் பெருங்குடலின் உட்புறத்தைத் திரையில் பார்ப்பது என் வேலை. சுத்தம் செய்த குடல் இளஞ்சிவப்பாக, ஈரம் மின்ன, மெல்லிய ரத்தக் குழாய்கள் இலை நரம்பு போல ஓடத் தெரியும். அவசர நேரங்களில் சுத்தம் செய்யாத குடலையும் பார்த்திருக்கிறேன். அங்கே மலம் இருக்கும், தண்ணீரைப் பீச்சினால் வழுக்கிக்கொண்டு நகர்ந்துவிடும். பழைய சுவரில் பிடித்த பாசி போலவோ காரை போலவோ முப்பது வருஷப் படிவம் எதையும் நான் கண்டதில்லை, இருக்கவும் முடியாது. ஏனெனில் குடலின் உள்சவ்வே நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை பழைய செல்களை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒட்டிக்கொள்ளச் சுவரே நிலையாக இல்லாதபோது அழுக்கு எதில் ஒட்டும்? பதினைந்து கிலோ என்பதும் அப்படித்தான். ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் மலம் சில நூறு கிராம். அதிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்.

அப்படியானால் நீங்கள் கண்ணால் கண்ட கயிறு எது? மையத்தில் கொடுத்த பொடி மீதம் இருந்தால் ஒரு ஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். இவ்வகைப் பொடிகள் பலவற்றில் இசப்கோல் உமியும், சிலவற்றில் பென்டோனைட் என்ற களிமண்ணும் இருக்கும். இரண்டும் நீரை உறிஞ்சிக் கொழகொழவென்று உப்பும். குடலின் வளைவுகளில் அழுந்தி நகரும்போது குடலின் வடிவத்தையே அச்சாக எடுத்துக்கொண்டு கயிறாக வெளியே வரும். இரும்பு மாத்திரை சாப்பிடுகிற உங்களுக்கு அது கறுப்பாக வந்ததிலும் வியப்பில்லை. மூன்று நாள் முன்பு உங்கள் வாய்க்குள் போனதைத்தான் முப்பது வருஷத்து அழுக்கு என்று காட்டியிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

குடலில் தேங்கும் மலம் நஞ்சாகி ரத்தத்தில் கலக்கிறது என்ற கருத்து முழுக்க நம்மூர்ச் சரக்கு அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மருத்துவர்களே அதை நம்பினார்கள். 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப், முதுமைக்குக் காரணம் பெருங்குடலில் நடக்கும் அழுகல் என்றார். லண்டன் அறுவை மருத்துவர் அர்பத்நாட் லேன், வெறும் மலச்சிக்கலுக்காகவே பலரின் பெருங்குடலை வெட்டி எடுத்தார். 1919இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வரெஸ், மலச்சிக்கலின்போது வரும் தலைவலியும் மந்தமும் நஞ்சால் வருவன அல்ல, மலக்குடல் விரிந்து நரம்புகளை அழுத்துவதால் வருவன என்று வாதிட்டார். மலம் கழித்த சில நிமிடங்களிலேயே தலைவலி தெளிந்துவிடுவதே அதற்குச் சாட்சி. ரத்தத்தில் கலந்த நஞ்சு அவ்வளவு விரைவில் இறங்காது. உங்களுக்கு உடம்பு ‘லேசானது’ பொய்யல்ல. நான்கு நாள் மலம் வெளியேறினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். குறைந்த இரண்டு கிலோ, குடலில் இருந்ததும் உடலிலிருந்து போன தண்ணீரும்தான். இரண்டு நாளில் திரும்பியிருக்குமே?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நிலாவரை என்ற பேதி மூலிகை கலந்த ‘டீடாக்ஸ்’ தேநீரையும் சூரணத்தையும் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்களின் பெருங்குடல், உள்ளே பார்த்தால் பழுப்பும் கறுப்புமாக முதலைத் தோல் போல இருக்கும். மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் நிறம் திரும்பிவிடும். அந்த நிறத்தால் பெரிய கேடும் இல்லை. ஆனால் நான் பார்ப்பவற்றில் மிக அழுக்காகத் தெரியும் குடல், அதைத் தினமும் சுத்தம் செய்தவர்களுடையது.

அம்மா கொடுத்த விளக்கெண்ணெய்

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். விடுமுறை நாள் காலையில் மூக்கைப் பிடித்து ஒரு சங்கு விளக்கெண்ணெய், மதியம் ரசம் சோறு, மாலையில் சோர்ந்த முகத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த பிள்ளைப் பருவம் எனக்கும் உண்டு. சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதிப் பாடலே நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து உண்ணச் சொல்கிறது. வயிற்றுப்பூச்சி ஊரெல்லாம் இருந்த காலத்தில் அந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று அந்த வேலையை ஓர் அல்பெண்டசோல் மாத்திரை செய்துவிடுகிறது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

ஆனால் அந்த மரபும் எல்லாருக்கும் எப்போதும் பேதி கொடுக்கச் சொல்லவில்லை. வயது, பலம், நோய் பார்த்தே கொடுத்தார்கள். கீழ்வழியாக ரத்தம் போகிறவருக்குப் பேதி ஆகாது என்று ஆயுர்வேதம் வெளிப்படையாகவே விலக்குகிறது. உங்களை ஒரு பழைய வைத்தியரிடம் அழைத்துப் போயிருந்தால், நாடியைப் பிடிக்கும் முன்பே “ரத்தம் போகிறதா?” என்று கேட்டிருப்பார். மையத்தில் யாராவது கேட்டார்களா?

எனிமாவே தேவையற்றது என்றும் நினைத்துவிட வேண்டாம். மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொண்ட முதியவர்களுக்கும், தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கும், சில பரிசோதனைகளுக்கு முன்பும் நாங்களே கொடுக்கிறோம். அங்கே ஒரு காரணம் இருக்கும். எவ்வளவு, எத்தனை முறை என்ற அளவும் இருக்கும்.

நீங்கள் மயங்கி விழுந்த மாலை

நீங்கள் அனுப்பிய சீட்டில் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் சிறுநீரை அதிகமாக்கும் மருந்தும் சேர்ந்த மாத்திரையும் இருக்கின்றன. கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் பட்டினி கிடந்தாலும் இன்சுலினைச் சுரக்கவைத்து ரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். சிறுநீர் மருந்து சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைக்கும். இந்த நிலையில் பல லிட்டர் வெறும் தண்ணீரைப் பெருங்குடலில் நிறுத்தினால் அதில் ஒரு பகுதி உடலுக்குள் உறிஞ்சப்பட்டுச் சோடியத்தை மேலும் நீர்த்துப்போகச் செய்யும். ஏனெனில் தண்ணீரை உறிஞ்சுவதுதான் பெருங்குடலின் தொழிலே. இன்னொரு பக்கம் கழிச்சலில் நீர் வற்றினால் ரத்த அழுத்தம் சரியும். டெல்மிசார்ட்டன் வகை மருந்து எடுப்பவர்களுக்கு அப்போது சிறுநீரகம் தடுமாறும். சர்க்கரை தாழ்ந்ததா, உப்பு தாழ்ந்ததா, அழுத்தம் தாழ்ந்ததா என்பதை இன்று என்னால் சொல்ல முடியாது. மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கலாம். நச்சு வெளியேறியதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள மட்டும் இடமே இல்லை.

ஆகவே மாத்திரைகளை நிறுத்தாதீர்கள், சிட்டிங்கை நிறுத்துங்கள். கடுமையான வாந்தி, கழிச்சல் வரும் நாட்களில் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்துமாறு நாங்களே சொல்வதுண்டு. ஆனால் எதை, எத்தனை நாளைக்கு என்பதைச் சீட்டு எழுதியவர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வாரத்துக்குள் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். மறுபடியும் மயக்கம், விடாத வயிற்றுவலி, காய்ச்சல், வயிறு பலகை போல இறுகுவது, ரத்தம் அதிகமாகப் போவது ஆகியவற்றில் எது வந்தாலும் வாரத்தை எதிர்பார்க்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். குழாய் செருகுவதால் குடலில் ஓட்டை விழுவது அரிதுதான். ஆனால் சுவரில் புண்ணோ கட்டியோ இருக்கிற குடலில் அந்த ஆபத்து கூடும். உங்கள் குடலில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே மூன்று முறை செய்திருக்கிறார்கள்.

மகளுக்கு வேண்டாம்

ஆரோக்கியமான 25 வயதுப் பெண்ணுக்கு இதனால் முகம் பொலியும் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. இப்படிச் செய்துகொள்ளும் பலர் கேடு எதுவுமின்றி வீடு திரும்புகிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் கருவியின் தூய்மை நம் கையில் இல்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1978 முதல் 1980 வரை ஒரே கிளினிக்கில் குடல் கழுவிக்கொண்டவர்களில் 36 பேருக்காவது அமீபா தொற்று வந்தது. பத்துப் பேருக்குப் பெருங்குடலை அகற்ற வேண்டியதாயிற்று. அவர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள். வழக்கமான முறையில் சுத்தம் செய்த பிறகும் அந்த இயந்திரத்தில் மலக் கிருமிகள் மிகுந்திருந்தன. முகப்பொலிவுக்காக எடுக்க வேண்டிய ஆபத்தா இது? காப்பி எனிமாவும் வேண்டாம். அதைத் திரும்பத் திரும்ப எடுத்து உடலின் உப்புகள் நிலைகுலைந்து இறந்தவர்கள் பற்றிய குறிப்பு 1980இலேயே மருத்துவ ஏட்டில் வந்திருக்கிறது.

கட்டிய பணம்

இதில் நான் வல்லுநன் அல்ல, தெரிந்ததைச் சொல்கிறேன். மயங்கி விழுந்த தேதியையும் நிறுத்தும் முடிவையும் குறிப்பிட்டு, மீதி ஏழு சிட்டிங்குகளின் தொகையைக் கேட்டு எழுத்து மூலம் கடிதம் கொடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. நீங்கள் இணைத்திருக்கும் துண்டறிக்கையில் சர்க்கரை நோயும் புற்றுநோயும் குணமாகும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. அந்தத் தாளைத் தொலைத்துவிடாதீர்கள். சிகிச்சை அளித்தவரின் தகுதியையும் பதிவு எண்ணையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டம் படித்தவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மூன்று மாதப் பயிற்சி பெற்றவரையும் அவர்களையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இரைப்பை, குடல் நலப் பிரிவிலோ தெரிந்த குடல் மருத்துவரிடமோ சென்று, ரத்தம், ஹீமோகுளோபின், அண்ணன் ஆகிய மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மலச்சிக்கல் என்று தொடங்கினால் மலமிளக்கி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் வாய்ப்பு இருக்கிறது. பெருங்குடலை உட்புறமாகப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக்கு எழுதுவார்கள், இரைப்பையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். நீங்கள் விரும்பிய குடல் சுத்தம் அதற்கு முந்தைய நாள் எப்படியும் நடக்கும். பாலிஎதிலீன் கிளைகால் என்ற பொடியை இரண்டு முதல் நான்கு லிட்டர் நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உடலின் உப்புகள் அதிகம் மாறாதபடி அமைத்த கரைசல் அது. பாஸ்பேட் உப்புக் கலந்த பேதி மருந்தைக் கொடுத்தால், உங்கள் ரத்த அழுத்த மாத்திரைகளின் பெயரைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். அது சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது.

இரும்பு மாத்திரையைப் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லையென்றால் உட்சுவர் கறுப்பு பூசினாற்போல இருந்து பார்வையை மறைக்கும். பட்டினி இருக்கும் நாளில் சர்க்கரை மாத்திரையை என்ன செய்வது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மலச்சிக்கலுக்கான உணவும் மருந்தும் பரிசோதனையின் முடிவைப் பார்த்த பிறகு பேசலாம்; அதுவரை காலையில் காப்பி குடித்த கால் மணி நேரத்தில், வேலைக்கு அவசரப்படாமல் கழிப்பறையில் உட்காருங்கள், வயிற்றுக்குள் ஏதாவது விழுந்தவுடன் குடல் அசையும் என்பதால் அதுவே நல்ல நேரம். பரிசோதனைக்கு மகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். தூக்க ஊசி போட்டிருந்தால் அன்று நீங்கள் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. மருத்துவர் சொன்னது பாதி நினைவிலும் இருக்காது, மகள் கேட்டுக்கொள்ளட்டும்.